கவுத்தி அண்ணாச்சியின் தம்ளர்

கோவில்பட்டியில் காபிக்கென்று ஒரு நீதிமன்றம் இருந்ததென்றால், அதன் ஒரே நீதிபதி கவுத்தி அண்ணாச்சிதான். அங்கே மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பையும் அவர் வாயால் சொல்வதில்லை. ஒரு மிடறு பருகுவார். பிடிக்கவில்லையெனில் மிச்சத்தை டபராவில் ஊற்றி, தம்ளரை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அப்பெயர் வந்த வரலாறு இதுவே. பெற்றோர் இட்ட பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

தொழிலில் அவர் உளுந்துத் தரகர். ஒரு பிடி உளுந்தை முகர்ந்தே அது எந்த ஊர்க் கரிசலில் விளைந்தது, எத்தனை நாள் வெயில் கண்டது என்று கூறிவிடுவார். அந்த மூக்கு காபிக் கடைகளுக்குள்ளும் நுழைந்தது, கடைக்காரர்களின் கெட்ட நேரம்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய உணவகத்தில் அந்தோணி என்பவர் காபி மாஸ்டர். அண்ணாச்சி படியேறுவதைக் கண்டாலே அவர் கழுவிய தம்ளரை இரண்டாம் முறை கழுவுவார்.

"அந்தோணி, இது இப்பம் எறக்குன டிகாஷனாடே?"

"ஆமா அண்ணாச்சி, சுடச்சுட."

"பழைய பொடி மேலயே ரெண்டாந் தடவ வெந்நி ஊத்திருக்க. இல்லன்னு மாதா மேல சத்தியம் பண்ணு பாப்போம்."

அந்தோணி சத்தியம் செய்யவில்லை. புதுப் பொடி போட்டார்.

ஒருமுறை அண்ணாச்சியும் அவருடைய நெடுநாள் நண்பனான நானும் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். கயத்தாற்றில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. அண்ணாச்சி இரண்டு தம்ளர்களைக் கவிழ்த்துவிட்டு மூன்றாவதற்குக் காத்திருந்தார்.

"வே, பஸ் போவுது," என்று பதறினேன்.

"போவட்டும்வே. பஸ்சு இன்னொன்னு வரும். இந்தப் பாலு இன்னொரு தடவ பொங்குனா கெட்டுரும்."

எங்கள் பைகள் எங்களுக்கு முன்பே திருநெல்வேலியை அடைந்தன. நாங்கள் சிமெண்டு லாரியில் பின்தொடர்ந்தோம்.

இவ்வளவு பாடுபடுபவருக்கு வீட்டில் ஒரு வாய் காபி கிடைக்காதா என்று வாசகர் வினவலாம். அவருடைய துயரமே அதுதான்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பெண் பார்க்க எப்போதும்வென்றான் என்னும் ஊருக்குச் சென்றோம். அந்த ஊரில்தான் அவர் தோற்றார். பெண் கையாலேயே காபி வந்தது. ஒரு மிடறுதான் பருகினார்; பழக்கதோஷம், தம்ளர் கவிழ்ந்தது. பெண்ணின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"என்ன மாப்ள, பொண்ணு பிடிக்கலையோ?"

"அய்யய்யோ மாமா, பொண்ண ரொம்பப் பிடிச்சிருக்கு. பாலுதான் அடிப்பிடிச்சிருக்கு."

கதவுக்குப் பின்னிருந்து பெண்ணின் குரல் வந்தது: "பொண்ணு பாக்க வந்தாவளா, பாலு பாக்க வந்தாவளா? கட்டிக்கிடுதேன்யா, எனக்குச் சம்மதந்தான். ஆனா இவியளுக்கு என் கையால இனிமே காபி கெடையாது."

மணமாகி வந்த பொன்னுத்தாய் அம்மையார் சொன்ன சொல் தவறவில்லை. சோறும் குழம்பும் குறைவின்றிக் கிடைத்தன. காபியை மட்டும் தமக்குப் போட்டுக்கொண்டு, கணவர் எதிரிலேயே அமர்ந்து ஆற அமரப் பருகுவார். அண்ணாச்சி கடைகடையாய் அலைந்ததன் காரணம் அதுவே. ஊரிலுள்ள தம்ளர்களையெல்லாம் கவிழ்த்தவர் ஏங்கியது அந்த ஒரு தம்ளருக்காகத்தான்.

"நேராக் கேட்டுப் பாருமே," என்றேன் ஒருநாள்.

"கேக்காமலா? 'பாலு அடிப்பிடிச்சிருக்கும், பரவால்லையா'ங்கா."

பின்னர், ஊரே முகக்கவசம் அணிந்திருந்த நாளில் வந்த காய்ச்சல் அவர் மூக்கின் திறனைப் பறித்துச் சென்றது. தேறி வந்த அன்று அந்தோணி கொடுத்ததை ஒரு சொட்டு விடாமல் பருகி, தம்ளரை நிமிர்த்தி வைத்தார். அந்தோணி என்னைத் தனியே அழைத்தார்.

"அவியளுக்கு என்ன செய்யுது? அது ரெண்டாந் தண்ணிலா. மறந்து குடுத்துட்டேன்."

செய்தி பொன்னுத்தாய் அம்மையாரின் காதுக்கும் எட்டியது. மறுநாள் காலை அண்ணாச்சியின் முன் ஆவி பறக்க ஒரு தம்ளர் வந்து அமர்ந்தது.

"குத்தம் சொல்ல இப்பம் மூக்கு இல்லேல்லா. குடிங்க."

அன்றிலிருந்து அண்ணாச்சி உணவகங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அந்தோணியும் தம்ளரை ஒரே முறை கழுவலானார்.

சென்ற மாதம் என் நிலத்து உளுந்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றேன். எனக்கும் காபி வந்தது. ஒரு வாய் பருகினேன். பால் அடிப்பிடித்த வாடை நெஞ்சு வரை இறங்கியது. அம்மையார் உள்ளே சென்றதும் அண்ணாச்சி என் உளுந்தை ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் காயணும்வே."

திடுக்கிட்டேன். "மூக்கு வந்துட்டா?"

"மெள்ளப் பேசும். வந்து ரெண்டு வருசமாச்சு."

"அப்பம் இந்தக் காபி?"

"பாலு அடிப்பிடிச்சிருக்கு. அன்னைக்கு மாதிரியேதான்," என்றவர், கடைசிச் சொட்டையும் பருகித் தம்ளரை நேராக வைத்து, உட்புறம் நோக்கிக் குரல் கொடுத்தார். "ஏட்டி, இன்னும் அரைத் தம்ளர் கெடைக்குமா?"

பொன்னுத்தாய் அம்மையார் இவ்விதழைப் படிப்பதில்லை என்னும் துணிவில்தான் இதனை எழுதியுள்ளேன். படித்தவர் எவரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். என் நண்பருடைய தம்ளர் நிமிர்ந்தே இருக்கட்டும்.