பக்கத்து சீட்டின் பிரேக்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகனும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை. மகன் போய்வரும் மனநல ஆலோசகரின் அறையில், சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, பயத்தில் வலது காலை ஓங்கி மிதித்துவிட்டேன். நாற்காலி பின்னால் பாய்ந்து, பூந்தொட்டியோடு நானும் கவிழ்ந்தேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் கால் சொன்ன பேச்சு கேட்காது என்பது உனக்குத் தெரியாததா?

விஷயம் இதுதான். பயல் மாதக்கணக்கில் சாப்பாடு தூக்கம் இல்லாமல், வேலையையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் கிடந்தானா, நான் பெரிய மேதாவி, கார் ஓட்டப் பழக்கினால் தெளிவான் என்று ஸ்கூல் வண்டியில் ஏற்றினேன், அதில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டே, ரவுண்டானாவில் திரும்பும்போது அவன், "அப்பா, எனக்குப் பொண்ணுங்கமேல நாட்டமில்லப்பா, பசங்களத்தான் பிடிக்குது, சொல்ல முடியாமத்தான் செத்துக்கிட்டிருக்கேன்"னு சொன்னான், நான் மிதிச்சேன் பாரு, வண்டி நட்டநடுவுல நின்னுடுச்சு, பின்னாடி ஒரே ஹாரன், அவன் என் மூஞ்சியப் பார்த்தான், கதவத் திறந்து இறங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்காம வண்டிகளுக்கு நடுவுல நடந்து போயிட்டான்.

வீடு வந்து சேர்ந்தவன் என்னோடு பேசவேயில்லை. பிறகுதான் ஆலோசகர் கூப்பிட்டனுப்பினார். அங்கே, "நான் சொன்னேன், அப்பா பிரேக் போட்டுட்டாரு. அதான் அவர் பதில்" என்றான். அப்போதுதான் நாற்காலி பாய்ந்தது. தொட்டி மண்ணில் கிடந்தபடியே கத்தினேன்: "அடேய், அது பதில் இல்லடா, பழக்கம்! லாட்டரி அடிச்சிருக்குன்னு நீ சொல்லியிருந்தாலும் மிதிச்சிருப்பேன்!"

பயல் சிரித்துவிட்டான் அக்கா. "இப்ப எதுக்குப்பா மிதிச்சீங்க?"

"நீ அழப்போறியோன்னு."

திரும்பும்போது அவனே ஓட்டினான். அதே ரவுண்டானா. நான் காலை மேலே தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டுவிட்டேன்.

"காலக் கீழ விடுங்கப்பா, பாக்குறவன் சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும். நீ ஓட்டு."

"அப்படியே அத்தைக்கும் எழுதிடுங்க. பொண்ணு போட்டோ அனுப்பியே கொல்றாங்க."

எழுதிவிட்டேன். போட்டோவை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெண் லட்சணம், பாவம் அவளாவது தப்பித்தாள். அவன் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான், ஆலோசகரிடமும் போய்வருகிறான். என்னையும் தனியாக வரச் சொல்லியிருக்கிறார்கள். தொட்டிக்காக இருக்காது.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். இனி அவன் ஓட்டும்போது என் கால் பிரேக் பக்கம் போகாது, இது சத்தியம்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட தம்பி

பி.கு.: தபாலாபீஸ் வாசலில், வண்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவன்தான் ஓட்டிவந்தான். வழியெல்லாம் மிதித்துவிட்டேன். "பழக்கமாப்பா?" என்றான். "ஆமாடா" என்றேன். அவனிடம் சொல்லாதது இது: அன்றைக்கு அவன் இறங்கி நடந்தபோது, எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நான் இந்த சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்துக்கொண்டிருந்தேன்.