மச்சானை முந்த ஒரு ப்ளோயர்

மச்சானைப் பார்த்துப் பொறாமைப்படாத மாப்பிள்ளை ஆரணியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பட்டுச் சால்வை போர்த்துகிறேன்.

என் மனைவி எஸ்தரின் அண்ணன் ஜெயராஜுக்குச் செய்யாறு தொழிற்பேட்டையில் வேலை. அவரும் நானும் ஒரே கடையில் ஒரே மாதிரி ரிமோட் கார் வாங்கினோம். பேட்டரி வண்டி அல்ல. நைட்ரோ எரிபொருள் ஊற்றி ஓட்டும், எலுமிச்சம்பழ அளவு என்ஜின். நான் கையேட்டை அடிக்கோடிட்டுப் படித்தவன். அவர் கையேட்டில் பஜ்ஜியை வைத்து எண்ணெய் ஒற்றியவர். ஆனாலும் வற்றிய ஏரியில் ஞாயிறுதோறும் முந்துவது அவருடைய கார்தான்.

"எங்க அண்ணன் வண்டி பறக்குது. உங்களுது ஏன் யோசிச்சிகினே போவுது?" என்பாள் எஸ்தர்.

வயிறு எரிந்தது. பெரிய கார்களில் டர்போ வைத்துக் காற்றைத் திணிக்கிறார்களே, இந்தச் சின்ன என்ஜினுக்கு ஆகாதா? கரியடுப்பு ஊதும் பேட்டரி ப்ளோயரைக் காரின் முதுகில் கட்டினேன். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயோடு ப்ளோயரை சைக்கிள் ட்யூபால் இணைத்தேன். (ட்யூபை ஸ்கேல் வைத்துத்தான் வெட்டினேன். முட்டாள்தனத்திலும் ஒழுங்கு வேண்டும்.)

மறு ஞாயிறு குடும்பமே ஏரியில் கூடியது.

"இன்னா மாப்ள, மூக்குல ட்யூபோட கூட்டிகினு வந்துகீற? ஐசியூவுல பெட் இல்லியா?" என்றார் ஜெயராஜ்.

"சிரிங்க மச்சான், சிரிங்க" என்று ப்ளோயரைப் போட்டுக் காரை விட்டேன்.

என்ஜின் வீறிட்டது. கார் பாய்ந்து, மச்சானின் காரைத் தாண்டியது! எஸ்தர் கைதட்டினாள். எனக்காக! அந்த ஒலியை ரசித்து முடிப்பதற்குள் 'டக்' என்றது. கார் அப்படியே நின்றது. என்ஜின் செத்துவிட்டது, ப்ளோயர் மட்டும் கடமை தவறாமல் ஊதிக்கொண்டிருந்தது.

ஜெயராஜ் காரைத் தூக்கிப் பார்த்தார். "இது டூ ஸ்ட்ரோக் மாப்ள. நீ திணிக்கிற காத்துல பாதி சைலன்சர் வழியா ஓடிடும். காத்த மட்டும் தள்ளினா போதுமா? எரிபொருளயும் அதுக்கேத்த மாதிரி தள்ளணும். ஆயிலும் அதுலதான கலந்து வருது? அது பத்தாம காஞ்சி, பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப் புடிச்சிகிச்சி."

"அப்போ முடியவே முடியாதா?"

"முடியும். ஆனா நீ வுட்டுடு."

அதோடு போயிருக்கலாம். மனிதர் தம்மிடமிருந்த புது பிஸ்டனையே போட்டு, பைசா வாங்காமல் ஓடவைத்துக் கொடுத்தார். வேகத்துக்கு மட்டும் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவன், அன்று முதல் அவருடைய பெருந்தன்மைக்கும் சேர்த்துப் பொறாமைப்படுகிறேன்.

இன்றும் எங்கள் வீட்டில் நான் சூடான காப்பியை ஊதினால் போதும், "பாத்துங்க, டம்ளர் புடிச்சிக்கப் போவுது!" என்று ஒரு குரல் வரும், வீடே சிரிக்கும். நாக்கு பொள்ள அப்படியே விழுங்குவேன். எதிரே ஜெயராஜ் 'உஃப், உஃப்' என்று நிதானமாக ஊதிக் குடிப்பார். அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.