ஆற்றல் பாடமும் ஆறின டீயும்

குடும்ப அமைதிக்கு என்ன விலை என்று பாத்திரக் கடையில் விசாரித்தால், ஒரு ஸ்டீல் பிளாஸ்க்கின் விலையைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் இழுத்துப் பேசினால் அதிலும் குறைப்பார்கள். வாத்தியார் இழுத்துப் பேசினார், குறைத்தார், வாங்கியும் விட்டார். அதற்கப்புறம்தான் வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச அமைதியும் போனது.

பிரச்சினை என்னவோ இத்தனூண்டுதான். டீ ஆறிப்போகிறது.

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒன்றுக்கு 'ஆற்றலும் வெப்பமும்' என்று ஒரு பாடம் எழுதித் தர வாத்தியார் ஒப்புக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் அது பதிப்பகத்தில் இருக்க வேண்டும். தவறினால் அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் எழுதிக் கொடுத்துவிடுவார். அட்டையில் அவர் பேர் வரும். அந்த அட்டையை அவர் தினமும் ஆசிரியர் அறை மேஜையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைப்பார். அதைத் தினமும் பார்க்க நம் வாத்தியார் தயாராக இல்லை. ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மாடி அறைக்குள் புகுந்துகொள்வார்.

மனைவிக்கு பஸ் டிப்போவில், டிக்கெட் கவுண்டரில் வேலை. அவள் வீடு திரும்பியதும் மாடி ஏறி, அறை வாசலில் இருக்கும் முக்காலியில் டீயை வைத்துவிட்டு, "ஏங்க, டீ!" என்பாள். உள்ளேயிருந்து "இதோ" என்று சத்தம் வரும். அந்த வீட்டில் 'இதோ' என்பது ஒரு கால அளவு. அதற்குள் டீயின் சூடு டம்ளர் வழியாகக் கொஞ்சம், காற்றோடு கொஞ்சம், கதிர்வீச்சாகக் கொஞ்சம் என்று பாடத்தில் சொன்ன மூன்று வழியிலும் கிளம்பிப் போயிருக்கும்.

வெளியே வந்து பார்த்தால் டீயின் மேல் ஆடை படிந்திருக்கும். டம்ளரோடு கீழே இறங்கி, அடுப்பில் வைத்து, சூடாகிற வரைக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றால் மனைவி பேசுவாள்.

"இன்னிக்கு எங்க டிப்போல என்ன கூத்து தெரியுமா? மேனேஜருக்கு வந்த புது சுழல் நாற்காலியை ஸ்டோர்காரர் தன் ரூமுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிட்டார்."

"ம்."

"மேனேஜர் இப்ப ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கார். கால் தரையிலயே படலை."

"ம். கொதிச்சிடுச்சா பாரு."

மறுபடி மேலே போய் உட்கார்ந்தால், விட்ட வாக்கியத்தின் வாலைப் பிடிக்க முடியாது. 'உணவில் உள்ள வேதி ஆற்றல் நமது தசைகளில் இயக்க ஆற்றலாக' என்று நின்ற இடத்தில், ஸ்டூலில் காலைத் தொங்கவிட்டிருக்கும் மேனேஜர்தான் வந்து நிற்பார்.

முதலில் டம்ளரை ஒரு தட்டால் மூடிப் பார்த்தார். அதனால் டீ கொஞ்சம் அதிக நேரம் தாங்கியது. தாங்கும் என்ற தைரியத்தில் வாத்தியார் அதைவிட அதிக நேரம் கழித்து வந்தார். ஆடை படிந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் பிளாஸ்க்.

முதல் நாள் அது அற்புதம் செய்தது. 'இதோ' சொல்லி வெகுநேரம் கழித்து மூடியைத் திறந்து, அலட்சியமாக ஒரு வாய் குடித்தார். நாக்கு வெந்துபோனது. வெந்த நாக்கோடு சந்தோஷமாக நாலு பக்கம் எழுதினார். அன்று முழுக்கக் கீழே ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் டீ வெதுவெதுப்பாக இருந்தது. "இருக்கட்டும்" என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தார்.

மூன்றாம் நாள் ஜில்லிட்டுப் போயிருந்தது. வாத்தியார் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று இறங்கினார்.

"இங்க பாரு, இதுல சூடாத்தானே ஊத்தினே?"

"நான் போட்ட டீ கொதிக்காம அடுப்பை விட்டு இறங்கினதா சரித்திரம் உண்டா?"

உண்மையில் கிடையாது.

"அப்ப பிளாஸ்க்லதான் கோளாறு. ரெண்டு சுவருக்கும் நடுவுல வெற்றிடம் இருக்கணும். எங்கேயோ காத்து புகுந்திருக்கு."

"புகுந்திருக்கும், புகுந்திருக்கும். குடுங்க, சுட வைக்கிறேன். அந்த நாற்காலி விஷயம் கேளுங்க. மேனேஜர் ஒரு வேலை பண்ணிட்டார்."

"என்ன பண்ணினார்?"

கேட்ட பிறகுதான், தான் கேட்டுவிட்டது வாத்தியாருக்கே தெரிந்தது.

"ஸ்டோர்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, நாற்காலியோட ஒரு சக்கரத்தைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டார்!"

மறுநாள் வாத்தியார் பிளாஸ்க்கோடு கடைக்குப் போனார். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவனை எதிரியாகப் பாவித்து அரை நாள் வாதாடுகிற பாத்திரக் கடைக்காரர், அன்று வாதாடவே இல்லை. "அதுக்கென்ன சார், வேற எடுத்துட்டுப் போங்க" என்று இருக்கிறதிலேயே நல்ல பிளாஸ்க்கை எடுத்து நீட்டினார். தலையில் பாடம் மட்டும் இல்லாதிருந்தால் வாத்தியார் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்.

புது பிளாஸ்க்கிலும் டீ ஜில்லென்றுதான் வந்தது.

அடுத்த நாள், சூடு கதிர்வீச்சாக ஓடிவிடக்கூடாது என்று பிளாஸ்க்கைப் பளபளப்பான அலுமினியத் தாளால் சுற்றினார். தொட்ட இடத்தின் வழியாகக் கடத்தப்பட்டுவிடக்கூடாது என்று அதன் மேல் கம்பளி மஃப்ளர். காற்று படக்கூடாது என்று பஞ்சு அடைத்த அட்டைப்பெட்டி. மனைவி அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடி ஏறினாள்.

"ஏங்க, இவ்வளவு படிப்பு படிக்கிறீங்களே, பாடம் எதைப் பத்தி?"

"ஆற்றலைப் பத்தி."

"டீ ஆத்தறதுக்கா பாடம்? ரெண்டு டம்ளர் இருந்தா ஆத்திடலாமே!"

"அந்த ஆத்தல் இல்லைம்மா. ஆற்றல். சக்தி. ஒரு வடிவத்துலேர்ந்து இன்னொரு வடிவத்துக்கு மாறுமே தவிர, அழியாது."

"பேர்லயே ஆறிடும்னு இருக்கு. அப்புறம் டீயைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?"

பெட்டியைத் திறந்து குடித்தார். பல் கூசியது.

இனி அறிவியல்தான் கதி என்று பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து வெப்பமானி ஒன்றை வாங்கி வந்தார். முதலில் அறையின் சூட்டை அளந்தார். பிறகு டீயை அளந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

டீ அறையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

வெப்பமானியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். தன் அக்குளில் வைத்துச் சோதித்தார். அக்குள் சரியாகத்தான் இருந்தது. மூடி வைத்த டீ ஆறலாம். அறையின் சூட்டுக்கு வந்ததும் நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே தானாகப் போகவே முடியாது. 'வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாயும்' என்பது அவர் பாடத்தின் முதல் வரி. அந்த வரியை டீ படித்ததாகத் தெரியவில்லை.

நேர்மையான மனிதர். கண்ணெதிரே நடக்காத ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. பிளாஸ்க் எப்படிச் சூடு காக்கிறது என்று எழுதிய பக்கத்தை அடித்தார். அதையொட்டி இருந்த இரண்டு பக்கத்தை அடித்தார். கடைசியில் முதல் வரிக்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தொங்கிய முகத்தோடு அடுப்படிக்கு வந்தார்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பாடம் தப்பு. இல்லைன்னா உலகம் தப்பு. திங்கக்கிழமை நான் எதைக் கொண்டுபோய்க் குடுப்பேன்?"

அவள் கை ஒரு நொடி தயங்கியது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "டீ கொதிக்கட்டும், எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

"அது கிடக்கட்டும். நாற்காலி என்ன ஆச்சு? சமாதானம் ஆயிட்டாங்களா?"

"எங்க? இவர்கிட்ட சக்கரம், அவர்கிட்ட நாற்காலி. நேத்து ஸ்டோர்காரர் தெரியாம சாஞ்சு உட்கார்ந்திருக்கார். அப்படியே அலமாரிக்கு அடியில போயிட்டார். வெளிய இழுத்தவர் யாருன்னு நினைக்கறீங்க? மேனேஜர்தான்!"

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொங்கிய முகத்தோடு வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டு பேரும் துணியால் துடைத்தார்கள். சிரித்துக்கொண்டே மாடி ஏறி உட்கார்ந்த பிறகுதான், டீயைக் குடிக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பொறுமை தீர்ந்துபோனது. நேரே கடைக்குப் போனார்.

"கிளம்புங்க. வீட்டுக்கு வந்து உங்க சரக்கு செய்யற வேலையை நீங்களே பாருங்க."

"எதுக்கு சார் வீட்டுக்கெல்லாம்? இன்னொண்ணு மாத்தித் தர்றேன்."

"மாத்தினது போதும். வரலைன்னா பாடத்துல எழுதிடுவேன். 'சில பிளாஸ்க்குகளில் ஊற்றிய டீ தானாகவே குளிர்ந்துவிடும். மாணவர்களே, நீங்களும் வாங்கிச் செய்து பாருங்கள்.' கீழே உங்க கடை விலாசம்."

கடைக்காரர் கல்லாவைப் பூட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டு வாசலில் அவரைக் கண்டதும் வாத்தியார் மனைவியின் முகம் வெளுத்தது. "வாங்கண்ணே" என்றாள். கடைக்காரர் செருப்பைக் கழற்றுவதற்கு மிக அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

மாடி அறையில் பெட்டி வந்திறங்கியது. வைத்துவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். வாத்தியார் பஞ்சை எடுத்து, மஃப்ளரை அவிழ்த்து, தாளை உரித்து, பிளாஸ்க்கைக் குற்றவாளியைப் போல மேஜை நடுவில் நிறுத்தினார்.

"குடிங்க."

கடைக்காரர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா! என்ன குளிர்ச்சி! சார், இதுக்கு மேல ஒரு பிளாஸ்க் பொறந்து வரணும்."

"கிண்டலா?"

"தொழில்ல கிண்டல் பண்ணுவேனா? ஊத்தினதை ஊத்தினபடியே வெச்சிருக்கு பாருங்க!"

வாத்தியார் பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தார். சூடு வெளியே போக முடியாத சுவர் வழியாக உள்ளே மட்டும் எப்படி வரும்? குளிர வைத்தால் குளிராகவே இருக்கும். அடித்த மூன்று பக்கமும் அத்தனையும் சரி. முதல் வரியும் சரி. கேள்விக்குறியை அழிக்க ரப்பரைத் தேடிய கை பாதியில் நின்றது.

"அப்படின்னா... இதைக் குளிரவே ஊத்தியிருக்காளா? கொதிக்க வெச்சேன்னு சொன்னாளே!"

"கொதிக்க வெச்சது நிஜம்தான் சார். காலையில." கடைக்காரர் மாடிப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். பாடப்புத்தகத்துல கடை பேர் வரும்னா, நான் பிள்ளைகுட்டிக்காரன், என்ன பண்றது?"

"எனக்கு ஒண்ணும் புரியலை."

"நீங்க பிளாஸ்க் வாங்கின மறுநாளே தங்கச்சி கடைக்கு வந்து, சூடு தாங்காத பிளாஸ்க் ஒண்ணு கேட்டுச்சு. அப்படிச் சரக்கு நான் விக்கறதில்லைன்னேன். சரின்னு ஆறின டீயை ஊத்திப் பார்த்துச்சாம். நீங்க அதையும் குடிச்சிட்டீங்களாம். அதுலேர்ந்து காலையிலயே போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுது. மாத்திக் குடுத்த பிளாஸ்க்குக்கு மேல் விலையும் அதுதான் குடுத்துச்சு."

"எதுக்கு இதெல்லாம்?"

"டீ சூடா இருந்தா மனுஷன் மாடியை விட்டே இறங்க மாட்டேங்கறாராம். ஆறினாத்தான் சுட வைக்க இறங்கி, அடுப்புகிட்ட கால் மணி நேரம் பேசிக்கிட்டு நிப்பாராம்." கடைக்காரர் பிளாஸ்க்கை மூடி அவர் கையில் கொடுத்தார். "டீ இழந்த சூடெல்லாம் தங்கச்சி பேர்ல வரவாயிடுச்சு, உங்க பக்கமும் ஒண்ணும் குறையலை, எனக்கும் விலை வந்துடுச்சு, இன்னிக்குப் பேச வேண்டிய கால் மணி நேரம் மட்டும்தான் உங்க பேர்ல பாக்கி நிக்குது சார்."