விரல் நானாவின் மூடிய கை

மாத்தளைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கே இங்கிலிஷ் திருத்திய ஒரே மனிதர் எங்கள் விரல் நானாதான். அவருக்கு முன்னால் யாரும் அதைச் செய்ததில்லை. இனிமேலும் யாருக்கும் அந்தத் துணிச்சல் வராது.

கண்டி வீதியோரத்து வாசனைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் வழிகாட்டிகள். வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போய் மிளகுக்கொடி, ஏலச்செடி, கறுவா, சாதிக்காய் மரம் என்று காட்டி விளக்கம் சொல்வது எங்கள் வேலை. ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பெண். மூத்தவர் நானா; எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். அட்டை போன ஓர் இலக்கணப் புத்தகம் அவருக்கு எங்கேயோ கிடைத்தது. அதில் முதல் பாடத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ‘ஏ’, ‘அன்’, ‘தி’. அதைத் தாண்டி இங்கிலிஷில் படிக்க ஒன்றுமில்லை என்பது அவர் முடிவு.

படித்ததோடு விட்டிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். எங்களுக்கும் சொல்லிக்கொடுக்க விரல் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். புதிதாக ஒரு பொருளைக் காட்டும்போது ஒரு விரலைத் தூக்க வேண்டும், அது ‘ஏ’. காட்டிய பொருளைப் பற்றியே மறுபடி பேசும்போது அந்த விரலால் அதைச் சுட்ட வேண்டும், அது ‘தி’. மிளகு இருமலுக்கு நல்லது என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் வரக்கூடாது, கையை இறுக மூடிவிட வேண்டும்.

“மூடு தங்கச்சி, நல்லா மூடு! கட்டை விரல் இன்னம் வெளிய ஈக்கி!”

இதெல்லாம் விருந்தாளிகளுக்கு முன்னாலேயே நடக்கும். ஒருநாள் “பெப்பர் இஸ் குட் ஃபார் கோஃப்” என்று உற்சாகமாகச் சொல்லி நானா மூடிய கையை ஒரு ஜெர்மன்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார். அந்த மனிதர் இரண்டடி பின்னால் போய் ஏலச்செடிக்குள் விழுந்தார். நானாவும் விடாமல் அவரைத் தூக்கி நிறுத்தி, மிளகுப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டார்.

இன்னொரு நாள் லண்டனிலிருந்து வந்த ஒருவர் கறுவாப்பட்டையை முகர்ந்துபார்த்து, “ஐ லவ் தி சினமன்” என்றார்.

“நோ ‘தி’, சேர்” என்றார் நானா.

அந்த மனிதர் திகைத்துப்போய், கையில் இருக்கிற இந்தப் பட்டையைத்தான் சொன்னேன் என்று விளக்கம் கொடுத்தார்.

“தென் பொயின்ட், சேர்!”

லண்டன்காரர் நல்ல பிள்ளையாக விரலை நீட்டிப் பட்டையைச் சுட்டினார். அவர் மனைவி அதைப் படம் எடுத்துக்கொண்டார். நான் மிளகுக்கொடிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகுதான் வழிகாட்டிகளுக்கு லைசன் என்ற சட்டம் வந்தது. அதற்கு இன்டர்வியூவில் தேற வேண்டும் என்று அறிவித்தார்கள். மொதலாளி எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லிவிட்டார்: “லைசன் கிடைக்காதவங்க பின் முற்றத்துல மிளகு காய வைக்கலாம்.” எங்களுக்கு அது வேறு வேலை, அவ்வளவுதான். நானாவுக்கு அப்படியில்லை. பேச ஆளில்லாத முற்றத்தில் அவரை உட்கார வைத்தால் ஒரு வாரம் தாங்க மாட்டார். ஆறு மாதம் எங்களை வதைத்து வதைத்துப் படிப்பித்தார். நாங்கள் நான்கு பேரும் தேறிவிட்டோம். கடைசியாக உள்ளே போனவர் அவர்.

மாத்தளை டவுனில் ஒரு மாடிக் கட்டிடம். கொரிடோர் ஜன்னல் வழியாக நாங்கள் எட்டிப் பார்த்தோம். நானாவின் கையில் ஒரு சாதிக்காயைக் கொடுத்து விளக்கச் சொன்னார் மூன்று பேரில் நடுவில் இருந்த அதிகாரி. நானா சாதிக்காயைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரர்களைத் திருத்திய மனிதர் கோட்டுப் போட்ட மூன்று பேருக்கு முன்னால் மரமாக நின்றார். “ஸ்டார்ட்” என்று இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டு அதிகாரி பேனாவைத் திறந்தார்.

ஜன்னலுக்கு நேரே போய் நின்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். ‘ஏ’, நானா, ‘ஏ’ சொல்லுங்க! அவர் கண் என்மேல்தான் இருந்தது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. பேனா தாளைத் தொடப் போனது. நான் விரலை மடக்கி, கையை இறுக மூடித் தூக்கிப் பிடித்தேன்.

நானாவின் முகம் சிவந்தது.

“நோ! என்னத்த மூடுற? ஒரு விரல், தங்கச்சி, ஒரு விரல்! திஸ் இஸ் ஏ நட்மெக்!”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. தி நட்மெக் எந்த மரத்திலிருந்து வந்தது, தி ட்ரீக்கு எத்தனை வயது, நட்மெக் தூக்கத்துக்கு எப்படி நல்லது என்று விரலைத் தூக்கியும் நீட்டியும் மூடியும் பொழிந்து தள்ளினார். அதிகாரி இரண்டு தடவை கைகாட்டியும் நிற்கவில்லை. கடைசியில் அவர், “ஓகே ஓகே, வெயிட் இன் கொரிடோர்” என்று கெஞ்சினார்.

“இன் தி கொரிடோர், சேர்” என்று சொல்லிவிட்டு நானா வெளியே வந்தார்.

லைசன் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஏச்சு. “ஆறு மாசம் படிச்சும் அந்த ஒரு விரல் ஒனக்கு வரல்லயே! மானம் போச்சு!” அன்றிலிருந்து இன்றுவரை, காலையில் வேலைக்கு வந்ததும் சாதிக்காய் மரத்தடியில் என்னை நிறுத்தி, விரலைத் தூக்கி, “திஸ் இஸ் ஏ நட்மெக் ட்ரீ” சொல்ல வைக்கிறார். நானும் சொல்கிறேன். அவர் லீவு எடுத்தால் அன்றைக்குத் தோட்டமே எனக்கு வெறுமையாக இருக்கிறது.

உண்மையை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் திருத்துவதை நிறுத்திவிடுவார். தமிழ்ப் பத்திரிகையை அவர் தொடவே மாட்டார், ‘தி’ இல்லாத பாஷையில் என்னத்தை வாசிக்கிறது என்பார். அந்தத் தைரியத்தில் இங்கே எழுதுகிறேன். அன்றைக்குக் கையை வேண்டுமென்றேதான் மூடினேன், நானா. நாளைக்கும் தப்பாகச் சொல்கிறேன், வந்து திருத்துங்க.