மச்சானைக் குண்டாக்கிய போட்டோ

ஆவடி,
மே 1991

மரியாதைக்குரிய மச்சான் வேம்புலி அவர்களின் சமூகத்துக்கு, தங்கை பத்மாவின் வீட்டுக்காரன் கலியமூர்த்தி கைகூப்பி எழுதிக்கொள்வது. நசரத்பேட்டையில் தாங்களும் உங்கள் வீட்டுக்காரி தங்கச்சி நாகவல்லியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உங்கள் தங்கை அழுதுகொண்டே சமைப்பதால் குழம்பில் தினமும் உப்பு கூடிவிடுகிறது. ஆகையால் சுகத்தைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மச்சான், அந்த நிச்சயதார்த்த போட்டோவில் நீங்கள் அப்படிக் குண்டாக விழுந்ததற்கு நான் காரணமில்லை. பத்மாவும் இல்லை. எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸின் கூடம்தான் காரணம். நான்கு பேர் பாய் போட்டுப் படுத்தாலே ஐந்தாவது ஆள் அடுப்படிக்குப் போக வேண்டிய அந்தக் கூடத்தில், எங்கள் பெண் புஷ்பாவையும் மாப்பிள்ளையையும் நடுவில் நிற்கவைத்து இரண்டு வீட்டாரையும் சுற்றி நிறுத்தியபோது, போட்டோகிராபர் ஜேம்ஸ் பின்னால் போய்ப் போய்ச் சுவரில் முதுகை ஒட்டிவிட்டான். அப்படியும் கேமராவுக்குள் பாதிப் பேர்தான் தெரிந்தார்களாம். "கவலப்படாதீங்க சார், வைடு லென்ஸ் கீது, அத்தப் போட்டா ஊரே அடங்கிடும்" என்று வேறொரு லென்ஸை மாட்டினான். ஊர் அடங்கியது உண்மைதான். ஆனால் அந்த லென்ஸ் நடுவில் நிற்பவர்களை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்பவர்களை மட்டும் பிடித்து இழுத்துவிடும் என்பதை அந்தப் பாவி சொல்லவில்லை. இடது ஓரத்தில் யார் நின்றது? ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் நீங்கள். பிரிண்டில் பார்த்தால் முகம் பூசணிக்காயாகப் படுத்துக்கிடக்கிறது, ஒரு தோள் சட்டத்தைத் தாண்டிப் போகிறது, வயிறு மட்டும் தனியாக ஒரு விருந்தாளி போல் வந்து நிற்கிறது.

இதைச் சரியாகப் பார்க்காமல் உங்களுக்கு ஒரு காப்பி கொடுத்தனுப்பியது என் அவசரம். கொண்டுவந்த அய்யாசாமி, உங்கள் தெருக்காரர்தான், மறுநாள் ஃபாக்டரி கேட்டில் என்னை நிறுத்தி, "பாத்தாருபா. போட்டோவ எட்துகினு விர்ருனு உள்ள பூட்டாரு" என்றார். கோபம்தான் என்று புரிந்துகொண்டேன். உடனே சகலை குணசேகரனை அனுப்பி, அந்தப் போட்டோவை வாங்கி வா, நல்லதாக ஒன்று தருகிறோம் என்று பக்குவமாகச் சொல்லச் சொன்னேன். அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். "இனிமே எவனும் இந்த ஊட்டுப் படி ஏறக் கூடாது, கல்யாணத்துக்கும் நான் வரமாட்டேன், போய்ச் சொல்லு" என்று நீங்கள் கத்தியதை, கத்தியபடியே சொல்லிக் காட்டினான். பத்மா அன்றைக்கு ஆரம்பித்த அழுகைதான். தாய்மாமன் மாலை போடாமல் எந்தப் பெண் மேடை ஏறும்? சம்பந்தி பக்தவத்சலம் பாரிவாக்கத்திலிருந்து வரும்போதெல்லாம், "பொண்ணோட மாமன் எப்ப வர்றாரு?" என்று கேட்கிறார். நான் பேச்சை மாற்றி மழையைப் பற்றிச் சொல்கிறேன். கத்தரி வெயிலில் மழையைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்?

ஜேம்ஸின் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். இருட்டறையில் பிரிண்ட் போடும் பேப்பரை உங்கள் பக்கம் கொஞ்சம் தூக்கி வைத்தால் நீங்கள் இளைத்துவிடுவீர்கள் என்றான். இளைத்தீர்கள். ஆனால் உங்களிடமிருந்து குறைந்த சதை அப்படியே எதிர் ஓரத்துக்குப் போய், அங்கே நின்ற சம்பந்தியம்மாள் மேல் ஏறிக்கொண்டது. இதைக் கொடுத்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று கிழிக்கச் சொன்னேன். அடுத்து பேப்பரைத் தொட்டில் போல இரண்டு பக்கமும் வளைத்து எடுத்தான். இரண்டு ஓரமும் அடங்கின, ஆனால் மங்கிவிட்டன. நீங்கள் இட்லிப் பானை ஆவிக்குப் பின்னால் நிற்பது போல் இருக்கிறது, மீசையை வைத்துத்தான் அடையாளம் கண்டோம்.

கடைசியில், திரும்ப எடுத்துவிடலாம், வெட்டவெளியில் தூரமாக நின்று சாதா லென்ஸில் எடுத்தால் யாரும் இழுபட மாட்டார்கள் என்று சொல்லி, எல்லாரையும் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வரவழைத்தான். அங்கேயும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. "எதுக்கும் ஒல்லியா கீறவங்க ஓரத்துக்கு வாங்க" என்றான். மச்சான், அத்தனை பேரும் ஓரத்துக்குப் போய்விட்டார்கள். சம்பந்தியம்மாள் முதல் ஆள். நடுவில் மாப்பிள்ளையும் புஷ்பாவும் தனியாக நின்றார்கள், அவர்களுக்கு அது பிடித்தும் இருந்தது. ஒருவழியாகக் கெஞ்சி வரிசைப்படுத்தி, நடுவே உங்களுக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டேன். உட்காராவிட்டாலும் மரியாதை மரியாதைதானே. ஜேம்ஸ் பின்னால் போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். அங்கிருந்து "ரெடியா" என்று கத்தியிருக்கிறான். காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை. "இன்னாது?" என்று எல்லாரும் காதில் கையை வைத்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டான். இரண்டு குடும்பமும் ஒட்டுமொத்தமாகச் செவிடாகி நிற்கும் அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். காலி நாற்காலியை மட்டும் பாருங்கள். அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நேரில் வந்து திட்டுங்கள். புஷ்பா பூந்தமல்லிக்குப் போய் உங்களுக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்திருக்கிறாள். "மாமா வந்தாதாம்பா நான் மணைல ஒக்காருவேன்" என்கிறாள். அவள் முகத்துக்காகவாவது அந்தப் பழைய போட்டோவைக் கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள். தங்கச்சி நாகவல்லிக்கு என் அன்பு, தங்களுக்கு எங்கள் எல்லாருடைய நமஸ்காரம், வாசலில் கட்டியிருக்கும் பசுவுக்கும் குறை ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிராத
கலியமூர்த்தி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது தங்கச்சி நாகவல்லியே பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டது. மேலே எழுதியதை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது. "இன்னாண்ணே நீங்க! அவுரு அந்தப் போட்டோவ ஃபிரேம் போட்டுக் கூடத்துல மாட்டிகினு கீறாரு. தெருவுல போறவனலாம் இட்டாந்து, 'பாரு, மில்லு மொதலாளி கணக்கா கீறேன்'னு காட்டிகினு கீறாரு. பொறந்ததுலருந்து ஒல்லிப்பிச்சான்னு பேர் வாங்குன மன்சன். அத்தப் போய்த் திருப்பிக் குடுன்னு ஆள் அனுப்புனா கோவம் வராதா?" என்கிறது. ஆகையால் மச்சான், மேலே உள்ள ஒரு வரியையும் தாங்கள் படிக்க வேண்டாம், போட்டோவையும் கிழிக்க வேண்டாம். கல்யாணத்துக்கு வைடு லென்ஸே கொண்டுவரும்படி ஜேம்ஸிடம் சொல்லியாகிவிட்டது. எந்த ஓரம் வேண்டுமென்று மட்டும் சீக்கிரம் தெரிவியுங்கள். விஷயம் எப்படியோ வெளியே போய், வலது ஓரத்தைச் சம்பந்தி பக்தவத்சலம் கேட்டு வைத்துவிட்டார்.