அம்பாரோவின் முழங்கால் வலி

பெண்டாட்டி அம்பாரோவிடம் ஒரு விஷயத்தை மறைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். கல்யாணமான எவனும் எடுக்கக் கூடாத முடிவு. என் இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். அதுவும் அதிக நாள் செய்யாதாம். டாக்டர் சொல்லிவிட்டார். இதே நோயில் தன் தம்பி போனபோது அம்பாரோ ஒரு மாதம் சோற்றைத் தொடவில்லை. என் சங்கதி தெரிந்தால் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவாள். பயமாக இருந்தது.

எங்கள் மணிலாவில் ஒரு நம்பிக்கை: ஒரு மாதா கோயிலுக்குள் முதல்முறை நுழையும்போது கேட்டது கிடைக்கும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று ஊரே ஏழு கோயில்களுக்கு நடக்கும். நான் தெருக்கோயிலைத் தாண்டாத சோம்பேறி. ஏழும் எனக்குப் புதுசு. ஏழிலும் ஒரே வேண்டுதல் வைப்பதாகத் திட்டம்: இவளுக்குத் தெரியக் கூடாது.

"நீயா நடக்கப்போறே, நாட்டோ? முக்குக் கடைக்கே ஜீப்னி வண்டி தேடுற ஆளாச்சே!"

"பக்தி வந்துடுச்சு."

"வரட்டும். தொப்பியை எடுத்துக்க."

வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டாவது கோயிலிலேயே எனக்கு மூச்சு முட்டியது. நல்லவேளை, அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

"ஐயோ, காலு! செத்த உக்காரலாம்."

"கிழவியாயிட்டே நீ," என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

எங்கெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்ததோ அங்கெல்லாம் அவளுக்குக் கால் வலித்தது. கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன், மடையன்.

ஏழாவது கோயிலுக்கு உயரமான படிகள். அம்பாரோ விடுவிடுவென்று ஏறிக் கூட்டத்துக்குள் மறைந்தாள். நான் கைப்பிடியைப் பிடித்து ஊர்ந்து உள்ளே போனால், ஒரு பெஞ்சில் இடம் பிடித்துக் கையாட்டுகிறாள்.

"கால் வலி என்னாச்சு?"

"எனக்கேது வலி? தம்பியைக் கடைசிவரைக்கும் பார்த்தவ நான். உன் உதடு நீலமாகுறது எனக்குத் தெரியாதா?"

அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"அப்ப ஏன் கேக்கலை?"

"நீயா சொல்லணும்னு ஒவ்வொரு கோயில்லயும் வேண்டிக்கிட்டேன். நீ என்ன வேண்டுனே?"

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

"ஆறுலயுமா? அட பாவி, உசிரைக் கேக்கணும்னு தோணலையா?"

தோன்றவில்லை. அவள் அழுதாள். நானும் அழுதேன்.

"இப்பக் கேக்கறேன், அம்பாரோ."

"நுழையறப்ப கேக்கறதுதான் கணக்கு. இங்க நுழையறப்ப என்ன கேட்டே?"

"உக்கார ஒரு இடம்."

ஏழு கோயில் நடந்து நான் கேட்டதில் கிடைத்தது அந்த பெஞ்சு மட்டும்தான்.