அத்தான் அவர்கள் காலமான விவரம்

லைஜோ,
பன்னிரண்டாம் மாதம், மூன்றாம் நாள்.

கடல் தாண்டி ஃபுஷுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மரியாதைக்குரிய அத்தான் சாய் யூங்குவெய் அவர்களுக்கு, மைத்துனன் தெஃபூ நெற்றி தரையில் பட வணங்கி எழுதுவது. இங்கு அக்காவும் குழந்தை சுய்லியெனும் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கத்தான் எனக்கு முகமில்லை. ஏனென்றால் தாங்கள் இங்கே எட்டாம் மாதமே காலமாகிவிட்டீர்கள்.

கோபப்படாமல் படிக்க வேண்டும். வெள்ளம் சோளத்தை வாரிக்கொண்டு போனபின் மிஷன்காரர்கள் கஞ்சித் தொட்டி திறந்தார்கள், கூடவே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும். தகப்பனில்லாத பிள்ளைகளுக்கு மட்டும் சோறும் படிப்பும் இலவசம். நான் சுய்லியெனைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றது கஞ்சிக்காகத்தான், சத்தியம். பெயர் எழுதும் யுவே அம்மாள், "புள்ளையோட அப்பா எங்கே?" என்றாள். "போயிட்டாருங்க" என்றேன். "அடப் பாவமே, எப்படி?" "கப்பல்ல." "ஐயோ, கடல்லயா!" என்று அவள் கண்ணைத் துடைத்தபோது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், "ஆமாங்க" என்றுதான் வந்தது. முதல் சொல் என் குற்றமில்லை அத்தான். கடைசிச் சொல் என் குற்றம்.

மறுநாளே பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்கார லூ துரைசாணி துக்கம் கேட்க வந்துவிட்டார். நான் அக்காவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. துரைசாணி அவள் கையைப் பிடித்து, "கடல் கொண்டுபோச்சாமே" என்று நம் பாஷையில் திக்கித் திக்கிச் சொன்னதும் அக்கா போட்ட கூப்பாட்டில் தெருவே கூடிவிட்டது. நான் குனிந்து காதில் உண்மையைச் சொன்னேன். உருட்டுக்கட்டையால் என் முழங்காலில் ஒன்று வைத்தாள். ஆனால் துரைசாணி எதிரே உட்கார்ந்திருக்கும்போது அழுகையை எப்படி நிறுத்துவது? அழுதபடியே, "கட்டையில போறவனே, அவரு வந்து நின்னா என்னடா சொல்லுவ?" என்றாள்.

பிள்ளை அன்றே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். நன்றாகவும் எழுதுகிறாள். ஆனால் போன வாரம் என்னிடம், "காலையில ஜெபத்துல, அப்பா இல்லாத புள்ளைங்க எந்திரிங்கன்னு சொல்றாங்க மாமா. எந்திரிக்கிறப்பல்லாம் அப்பாவை நானே கடல்ல தள்ளிவிடற மாதிரி இருக்கு" என்றாள். நான் வாசல் பெருக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

ஆகவே தாங்கள் புத்தாண்டுக்கு ஊர் வர வேண்டாம். வந்தே தீர வேண்டுமென்றால், தங்கள் தம்பி என்று சொல்லிக்கொண்டு வாருங்கள். அக்காவுக்கு இதில் சம்மதமில்லை. "தம்பியாம் தம்பி! அப்ப நான் யாருடா, விதவையா, அண்ணியா?" என்கிறாள்.

தாங்கள் நூறாண்டு வாழ வேண்டுமென்று, அதைச் சொல்லத் தகுதியில்லாத வாயால் வாழ்த்தும்,
மெங் தெஃபூ

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். இன்று காலை ஜெபத்தில் சுய்லியென் எழுந்திருக்கவில்லையாம். துரைசாணி ஏன் என்று கேட்டதற்கு, "எங்கப்பா ஃபுஷுன்ல கரி வெட்டுறாரு" என்றிருக்கிறாள். பிறகு நின்றுகொண்டிருந்த ஒரு பெண் உட்கார்ந்தாளாம். அப்புறம் இன்னொருத்தி. கடைசியில் நின்றவர்கள் ஐந்தே பேர். துரைசாணியும் உட்கார்ந்துவிட்டாராம். யாரையும் வெளியே அனுப்பவில்லை. பொய் சொன்னவர்கள் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுவதற்குப் பதிலாக வந்து வேலை செய்யட்டும் என்றாராம். தாங்கள் தாராளமாக ஊர் வரலாம். நாளை முதல் நாங்கள் இருபத்தொரு பேர் பள்ளிக்கூடச் சுவருக்குச் செங்கல் சுமக்கிறோம்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுமப்பதாக உத்தேசம்.